அப்பா பெயரில் இருந்த பட்டாவும் 21 நாள் கெடுவும்

தீபாவளிக்குத்தான் ஊருக்குப் போவதாக இருந்தேன். சித்தப்பா ஒரு நாளிதழ்ப் பக்கத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் சிங்கப்பூரிலிருந்து உடனே கிளம்ப வேண்டியதாகிவிட்டது. தேசிய நெடுஞ்சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள். எடுக்கவிருக்கும் சர்வே எண்களில் எங்கள் தென்னந்தோப்பும் இருந்தது.

நான் போய் இறங்கியபோது 11 நாள் ஓடியிருந்தது. தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் 1956-ன்படி ஆட்சேபம் சொல்ல 21 நாள்தான் அவகாசம். வீட்டுக்குத் தபால் வரும், அப்புறம் பார்க்கலாம் என்று யாரும் இருந்துவிட வேண்டாம். நிலம் எடுக்கும் அறிவிக்கை அரசிதழில் வெளியான நாளிலிருந்தே கெடு ஓடுகிறது. உள்ளூரில் வரும் இரண்டு நாளிதழ்களில் அதன் சாரத்தைப் போடுகிறார்கள். டீக்கடையில் பேப்பர் முழுவதையும் படிக்கிற சித்தப்பா இல்லையென்றால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

அ-பதிவேடு (சர்வே எண்வாரியான நில விவரம்), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்), பட்டா எல்லாம் வருவாய்த்துறை இணையதளத்திலேயே கிடைத்தன. வில்லங்க விவரமும் பதிவுத்துறைத் தளத்தில் பார்த்துக்கொண்டோம். பத்து வருடத்துக்கு முன் இதற்கே ஒரு வாரம் அலைந்திருப்போம். சிக்கல் பட்டாவில் இருந்த பெயரில். அப்பா இறந்து நாலு வருடமாகியும் அவர் பெயரே இருந்தது. அக்கா கனடாவில், நான் சிங்கப்பூரில். அம்மா தனியாக எங்கே அலைவார் என்று விட்டுவிட்டோம். அடுத்து வரும் அறிவிக்கையில் நில உரிமையாளர் பெயரோடு பட்டியல் வரும் என்றார்கள். இழப்பீட்டில் யாருக்கு எவ்வளவு என்று தகராறு வந்தால் விவகாரம் நீதிமன்றத்துக்குப் போய்விடும்.

வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தோம். அக்கா அங்கே இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று தன் சார்பில் அம்மா செயல்படப் பொது அதிகாரப் பத்திரம் அனுப்பினார். அது இந்தியா வந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். அதை மறந்தால் பத்திரம் பயன்படாது.

நில எடுப்பு அலுவலகத்தில் மனுவை வாங்கிக்கொண்டார்கள். ஒப்புகை கேட்டபோது, "அதெல்லாம் வேண்டாம் தம்பி, பதிவு பண்ணிக்கிறோம்" என்றார் அங்கிருந்தவர். நான் நகரவில்லை. முக்கால் மணி நேரம் நின்ற பிறகு தேதியோடு முத்திரை குத்திக் கொடுத்தார். அன்று மாலையே இன்னொரு பிரதியை விரைவு அஞ்சலில் அனுப்பினேன். கெடுவுக்குள் கொடுத்தோம் என்பதற்கு அந்த முத்திரைதான் ஆதாரம். ஆட்சேபித்தவர் நேரிலோ வக்கீல் மூலமாகவோ தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

மனுவில் கேட்டது இதுதான். அளவுக்கல்படி போர்வெல் சாலைப் பக்கம் போகிறது, தோப்பில் பாதி இந்தப் பக்கம் நிற்கிறது. தண்ணீர் இல்லாத தோப்பை வைத்துக்கொண்டு அம்மா என்ன செய்வார்? சாலையின் எல்லைக் கோட்டைச் சில மீட்டர் நகர்த்த முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால், நிலத்தைப் பிரிப்பதால் மீதி நிலத்துக்கு வரும் நஷ்டத்தையும் கணக்கில் சேருங்கள். அதற்கும் சட்டத்தில் இடமிருக்கிறது.

தொகை விஷயத்தில் வக்கீல் சொன்னது எனக்குப் புதிது. 2013 நில எடுப்புச் சட்டத்தின் இழப்பீட்டு விதிகள் 2015 முதல் நெடுஞ்சாலை நிலங்களுக்கும் உண்டு. பத்திரப் பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்போடு நிற்காது. முந்தைய மூன்று வருடத்தில் அக்கம்பக்கத்தில் பதிவான கிரயங்களில் விலை அதிகமான பாதியின் சராசரி அதைவிடக் கூடுதலாக இருந்தால் அதையே எடுக்க வேண்டும். மரம், கிணறு, கட்டடம் தனி. இவையெல்லாம் சேர்ந்த தொகைக்குச் சமமாக இன்னொரு தொகை, ஆறுதல் தொகை என்ற பெயரில். அதனால் கிளம்புவதற்கு முந்தைய நாள் முழுக்க சார்பதிவாளர் அலுவலகத்தில் கிரயப் பத்திர நகல்களுக்காகக் காத்திருந்தேன். தொகை போதாதென்றால் நடுவரிடம் போகலாம். தமிழ்நாட்டில் அந்தப் பொறுப்பு மாவட்ட ஆட்சியருக்கு.

நான் திரும்பி மூன்று வாரத்தில் வாரிசுச் சான்று வந்துவிட்டது. பட்டா மாறுதல் இன்னும் நிலுவையில். விசாரணைக்கு அம்மாவும் சித்தப்பாவும் போகிறார்கள். 38 தென்னை மரங்களையும் எண்ணி, தேதி தெரிகிற மாதிரி படம் எடுத்து வைத்திருக்கிறார் சித்தப்பா.