ஈ.கோலையில் ஒரு மரபணுவை நீக்க எந்த வழி? லாம்டா ரெட், பி1 பேஜ், சாக்பி பிளாஸ்மிட்

பெங்களூருவில் ஐ.ஐ.எஸ்சி.யிலோ ஜி.கே.வி.கே. வளாகத்து ஆய்வகங்களிலோ சேரும் தமிழ் மாணவர்கள் பலருக்கு முதலில் கைக்கு வரும் வேலை, ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவில் ஒரு மரபணுவை நீக்குவது. வழிகள் மூன்று: லாம்டா என்ற பேஜின் (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸின்) புரதங்களைக் கொண்டு செய்யும் லாம்டா ரெட், பி1 என்ற இன்னொரு பேஜ், சாக்பி மரபணு உள்ள பிளாஸ்மிட் (குரோமோசோமுக்கு வெளியே இருக்கும் டி.என்.ஏ. வளையம்). சீனியர் எதைச் செய்தாரோ அதையே செய்வது வழக்கம். மாதக்கணக்கில் காலனி (தட்டில் வளரும் பாக்டீரியாத் திட்டு) வராமல் தவிப்பதும் அதனால்தான். டி.என்.ஏ.வை எந்த நொதி இணைக்கப்போகிறது, எந்த நொதி அதைத் தின்னப்போகிறது என்ற இரண்டையும் பார்த்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தின்னும் நொதியின் பெயர் ரெக்பிசிடி. நேர்கோட்டு டி.என்.ஏ.வின் வெட்டுமுனை கிடைத்தால் அவிழ்த்துக்கொண்டே சிதைத்துப் போகும். வழியில் ஜி-சி-டி-ஜி-ஜி-டி-ஜி-ஜி என்ற எட்டெழுத்துத் தளம் சரியான திசையில் எதிர்ப்பட்டால் அதன் குணம் மாறிவிடும்: ஒற்றை இழையை மிச்சம் வைத்து, அதன்மேல் ரெக்ஏ புரதத்தை ஏற்றிவிடும். ரெக்ஏ ஒத்த வரிசையைத் தேடிப் பிடித்து மறுஇணைவைத் தொடங்கும். கே-12 என்ற ஆய்வக ஈ.கோலை வகையின் 46.4 லட்சம் கார ஜோடிகளில் இந்தத் தளம் ஏறக்குறைய ஆயிரம் இடங்களில் இருக்கிறது. டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆரில் எடுத்த 1,500 ஜோடித் துண்டில் பெரும்பாலும் ஒன்றுகூட இருக்காது. சாதாரண ஈ.கோலைக்குள் அந்தத் துண்டை நேரடியாகச் செலுத்தினால் ஒன்றும் கிடைக்காததற்குக் காரணம் இதுதான்.

லாம்டா ரெட் முறை இந்தத் தடையை நேராக உடைக்கிறது. லாம்டா பேஜின் மூன்று புரதங்கள் போதும். காம், ரெக்பிசிடியைக் கட்டிப்போடும். எக்ஸோ, 5 பிரைம் முனையிலிருந்து ஓர் இழையைத் தின்னும். பீட்டா, மிஞ்சிய ஒற்றை இழையைப் போர்த்தி ஒத்த இடத்தில் ஒட்டவைக்கும். ஒட்டும் இடம், டி.என்.ஏ. பிரிந்து பிரதியாகும் இரட்டிப்புக் கவையில், பின்தங்கும் இழையின் (துண்டு துண்டாக உருவாகும் புது இழையின்) வார்ப்பு திறந்து கிடக்கும் பகுதி. அதனால் இந்த வேலைக்கு ரெக்ஏ தேவையில்லை. ஆனால் செல் வேகமாகப் பெருகிக்கொண்டிருக்க வேண்டும். ராத்திரி முழுக்க வளர்ந்து அடங்கிப்போன கல்ச்சரில் கவைகளே இருக்காது.

2000-இல் டட்சென்கோவும் வேன்னரும் வெளியிட்ட பிளாஸ்மிட் தொகுப்புதான் இன்றும் புழக்கத்தில் உள்ளது. பி.கே.டி.46 மூன்று புரதங்களையும் அராபினோஸ் தூண்டலில் தரும். பி.கே.டி.3-இல் குளோராம்ஃபெனிகால் எதிர்ப்பும் பி.கே.டி.4-இல் கானமைசின் எதிர்ப்பும் இருக்கும். அந்த எதிர்ப்பு மரபணுவைப் பி.சி.ஆரில் பெருக்கி, நீக்கும் மரபணுவின் இடத்தில் வைப்பதே வேலை. பி.சி.ஆரைத் தொடங்கிவைக்கும் குறுந்துண்டான பிரைமரின் 5 பிரைம் பக்கத்தில் நீக்கப்போகும் மரபணுவின் ஓரத்திலிருந்து 50 எழுத்து, 3 பிரைம் பக்கத்தில் பிளாஸ்மிட்டுக்கான 20 எழுத்து, ஆக 70. வேதித் தொகுப்பு 3 பிரைம் முனையிலிருந்து ஓடுவதால், பாதியில் நின்றுபோன மூலக்கூறுகளில் குறைவது ஒத்த பகுதியின் முனைதான். பி.சி.ஆர். அழகாக வரும், காலனி வராது. நீளப் பிரைமரைச் சுத்திகரித்து வாங்குவதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

செய்முறை: பி.கே.டி.46 உள்ள செல்லை ஆம்பிசிலின் மில்லி லிட்டருக்கு 100 மைக்ரோகிராம், அராபினோஸ் 10 மில்லிமோலார் சேர்த்து 30 டிகிரியில் ஓ.டி. (கலங்கல் அளவு) 0.5 அல்லது 0.6 வரை வளர்க்கவும். ஐஸில் 15 நிமிடம் வைத்து, குளிர்ந்த 10 சதவீத கிளிசராலில் மூன்று முறை கழுவி, நூறில் ஒரு பங்காகச் சுருக்கவும். 50 மைக்ரோ லிட்டரில் டி.பி.என்.ஐ. நொதியால் வார்ப்புப் பிளாஸ்மிட்டை வெட்டிச் சுத்தம் செய்த துண்டு 100 நானோகிராம் கலந்து, 1 மில்லி மீட்டர் கியூவெட்டில் 1.8 கிலோவோல்ட் கொடுக்கவும். உடனே 1 மில்லி லிட்டர் எஸ்.ஓ.சி. ஊட்டக் கரைசல் ஊற்றி 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, கானமைசின் மில்லி லிட்டருக்கு 25 மைக்ரோகிராம் உள்ள தட்டில் பரப்பவும். 'டப்' என்று பொறி பறந்தால் உப்பு மிஞ்சியிருக்கிறது. துண்டைத் தண்ணீரில் எடுக்க வேண்டும், பஃபரில் அல்ல. போர்வெல் தண்ணீரில் அலசிய கண்ணாடிக் குடுவையைச் சுத்த நீரில் மறுபடி அலசாவிட்டாலும் இதே தொல்லை வரலாம்.

இனி வெப்பநிலை. பி.கே.டி.46-இன் இரட்டிப்புப் புரதம் வெப்பம் தாங்காது. 37-இல் பிளாஸ்மிட் பிரதி எடுக்காமல் செல்லிலிருந்து கழன்றுவிடும். வேலை முடிந்தபின் அது வசதி, முன்னே அது நாசம். குளிரூட்டி இல்லாத ஷேக்கர் அறை வெப்பத்துக்குக் கீழே இறங்காது. மோட்டார் சூட்டால் அதற்கு மேலேதான் நிற்கும். பெங்களூரு டிசம்பரில் 30 என்று வைத்தால் 30-தான். ஏப்ரலில் அறையே 33, 34 ஆகும்போது திரையில் 30 என்று அமைத்திருந்தாலும் உள்ளே அதுவல்ல. குடுவைத் தண்ணீரில் வெப்பமானி வைத்துப் பார்க்காமல் கோடையில் இந்த முறையைத் தொடங்காதீர்கள். காமையும் மிதமிஞ்சி ஓடவிடக் கூடாது. ரெக்பிசிடி முடங்கியே கிடந்தால் இரட்டிப்பில் உடைந்த முனைகளைச் சீர்செய்ய ஆள் இல்லை, செல்கள் சாகும்.

காலனி வந்ததுமே கொண்டாட வேண்டாம். மரபணுவுக்கு வெளியே இரு பக்கமும் பிரைமர் வைத்துப் பி.சி.ஆர். செய்து, புதிய பட்டை வந்ததையும் பழைய பட்டை மறைந்ததையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இரண்டும் தெரிந்தால், மறுபடி கோடிழுத்துத் தனிக் காலனி எடுத்துப் பார்க்கவும். அப்போதும் இரண்டும் நின்றால் குரோமோசோமின் அந்தப் பகுதி இரட்டித்திருக்கிறது. ஒரு பிரதியில் மரபணு போய், மற்றதில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. உயிர்வாழ அவசியமான மரபணுவை நீக்க முயலும்போது இப்படி நடக்கும்.

நீக்கப்போவது ஒரே ஒரு மரபணு, அதுவும் கே-12 வகையில் என்றால், இவ்வளவு பாடு வேண்டாம். 2006-இல் ஜப்பானியக் குழு வெளியிட்ட கேயோ தொகுப்பில் 3,985 மரபணுக்களின் நீக்க வகைகள் கானமைசின் எதிர்ப்பு அடையாளத்தோடு தயாராக உள்ளன. அதிலிருந்து பி1 பேஜ் வழியே உங்கள் செல்லுக்கு மாற்றிவிடலாம். நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். பி1 தன் தலைக்குள் ஏறத்தாழ 100 கிலோ ஜோடி அடைக்கும். சில தலைகளில் தவறுதலாகக் கொடை செல்லின் குரோமோசோம் துண்டு ஏறிவிடும். அவ்வளவு நீளத்தில் ரெக்பிசிடி நின்று குணம் மாறும் தளங்கள் பல இருக்கும். தின்ன வந்த நொதியே இங்கே இணைக்க உதவுகிறது. பெறும் செல்லில் ரெக்ஏ கட்டாயம் இருக்க வேண்டும்; டி.எச்.5-ஆல்பா போன்ற ரெக்ஏ இழந்த வகைகளில் இது நடக்காது.

100 மைக்ரோ லிட்டர் செல், 100 மைக்ரோ லிட்டர் பேஜ் கரைசல், 5 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு, 37-இல் அரை மணி நேரம். பேஜ் செல்லில் ஒட்டக் கால்சியம் வேண்டும். ஒட்டியபின் அதே கால்சியத்தைச் சிட்ரேட் போட்டுப் பறிக்க வேண்டும். இல்லாவிட்டால் மாறிய செல்களையும் மிஞ்சிய பேஜ் கொன்றுவிடும். தட்டிலும் சிட்ரேட் 5 மில்லிமோலார் வைத்து, இரண்டு முறை கோடிழுத்துச் சுத்தம் செய்யவும். செல் மட்டும் ஒரு தட்டு, பேஜ் மட்டும் ஒரு தட்டு: இரண்டும் வெறுமையாக இருந்தால்தான் இரண்டையும் கலந்த தட்டை நம்பலாம். குறை ஒன்று: நீக்கத்தோடு அக்கம்பக்கத்து 100 கிலோ ஜோடிக்குள் இருக்கும் கொடை வகையின் வேறுபாடுகளும் கூடவே வரலாம். ஓ-ஆன்டிஜன் போர்த்திய இயற்கை ஈ.கோலை வகைகள் பலவற்றில் பி1 சரியாக ஒட்டாது.

அடையாளம் எதுவும் மிஞ்சக் கூடாது என்றாலோ, விப்ரியோ, சூடோமோனாஸ் போன்ற வேறு பாக்டீரியா என்றாலோ, சாக்பி பிளாஸ்மிட்டுக்குப் போக வேண்டும். சாக்பி, சுக்ரோஸ் இருந்தால் செல்லைக் கொல்லும் மரபணு. ஆர்6கே என்ற இரட்டிப்புத் தொடக்கம் உள்ள இந்தப் பிளாஸ்மிட், பை புரதம் இல்லாத செல்லில் இரட்டிக்காது. பிழைக்க ஒரே வழி குரோமோசோமில் சேருவது. அதைச் செய்வது செல்லின் சொந்த ரெக்ஏ. இரு பக்கமும் 500 முதல் 1,000 ஜோடி ஒத்த பகுதி வையுங்கள், நீளத்தைச் சமமாக வையுங்கள். ஒரு கை நீளமானால் இணைவு அந்தப் பக்கமே சாயும். பிளாஸ்மிட்டை வெளியேற்றும் இரண்டாம் இணைவுக்கு ஆன்டிபயாட்டிக் இல்லாமல் வளர்த்து, உப்பு சேர்க்காத எல்.பி. அகாரில் 10 சதவீத சுக்ரோஸ் போட்டு 30 டிகிரியில் வைக்க வேண்டும். உப்பு இருந்தால் சாக்பியின் கொல்லும் வேகம் குறைந்து, தட்டு முழுக்கப் பொய்க் காலனியாகிவிடும். சுக்ரோஸில் வளர்ந்து கானமைசினிலும் வளர்ந்தால் சாக்பி திரிந்து செயலிழந்திருக்கிறது, தூக்கி எறியவும். பிளாஸ்மிட்டைச் செலுத்தும் எஸ்17-1 கொடை வகையில் மு பேஜும் சேர்ந்து கடந்துவிடும் ஆபத்து உண்டு; டி.ஏ.பி. என்ற அமினோ அமிலம் இல்லாமல் வளராத, மு நீக்கிய வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். முழுக்க முடிய இரண்டு வாரம் ஆகும். பி1 ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும்.

ரெட் முறையில் கானமைசின் அடையாளத்தின் இரு பக்கமும் உள்ள எஃப்.ஆர்.டி. தளங்களை வெட்டி அதை நீக்க பி.சி.பி.20 என்ற பிளாஸ்மிட் உண்டு, ஆனால் 80-சொச்சம் எழுத்துத் தழும்பு தங்கிவிடும். ஒரே செல்லில் மூன்று நான்கு நீக்கம் செய்தால், தழும்புகள் தங்களுக்குள் இணைந்து நடுவிலுள்ள பகுதியையே வெட்டியெறியவோ திருப்பவோ கூடும். மூன்றாவது நீக்கத்துக்கு மேல் சாக்பிதான் பாதுகாப்பு.

ஒரே ஓர் எழுத்தை மட்டும் மாற்ற வேண்டுமென்றால் ரெட்டின் பீட்டாவோடு 70 முதல் 90 எழுத்து ஒற்றை இழை போதும். அது பின்தங்கும் இழையின் வரிசையாக இருக்க வேண்டும். இரட்டிப்பு தொடங்கும் ஓரி-சி ஏறக்குறைய 39.2 லட்சமாவது எழுத்திலும் முடிவிடம் 15.9 லட்சத்திலும் உள்ளன. எடுத்துக்காட்டாக, லாக்-இசட் மரபணு 3.6 லட்சத்தருகே, அதாவது எண் ஏறும் திசையில் கவை ஓடும் பாதியில் இருக்கிறது. அங்கே பின்தங்கும் புது இழை, தரவுத்தளம் அச்சிடும் இழையின் எதிர் இழை. லாக்-இசட் எழுதப்பட்டிருப்பதும் அந்த எதிர் இழையில்தான். ஆகவே மரபணுவின் வரிசையையே, மாற்றத்தை நடுவில் வைத்து, அப்படியே ஆர்டர் செய்யலாம். பிழை கண்டுபிடிக்கும் மியூட்-எஸ் புரதம் இருக்கும் செல் இந்த மாற்றத்தைத் தவறென்று எண்ணித் திருத்திவிடும். சி-க்கு எதிரே சி வரும் பொருத்தமின்மையை மட்டும் அது சரியாகக் கண்டுகொள்வதில்லை. மாற்றத்தை அப்படி அமைக்க முடிந்தால் மியூட்-எஸ்ஸை நீக்க வேண்டியதில்லை.