துப்பாக்கிக் கடை லைசென்ஸை "அப்பா பேருலயே ரினியூவல்" பண்ணித் தருவதாக வரும் புரோக்கர்: உஷார்

திருநெல்வேலி, தென்காசி வட்டாரத்தில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் குடும்பங்கள் குறைவுதான். அவர்களில் யார் கண்ணிலாவது இது பட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் அப்பா துப்பாக்கி, தோட்டா விற்கும் கடை நடத்தியவர். காட்டுப்பன்றித் தொல்லைக்கு லைசென்ஸ் வாங்கிய விவசாயிகள், பேங்க் காவலாளிகள், தேர்தல் நேரத்தில் துப்பாக்கியை ஒப்படைத்து ரசீது வாங்க வருகிறவர்கள் என்று எல்லோருக்கும் பழக்கமான கடை. போன வருடம் அப்பா தவறிவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு ஒருவர் வீட்டுக்கு வந்தார். கலெக்டர் ஆபீஸ் வராந்தாவில் அடிக்கடி தென்படும் முகம்.

"தம்பி, அண்ணாச்சி பேருலயே ஒரு தடவ புதுப்பிச்சிருவோம். அப்புறம் மெதுவா ஒங்க பேருக்கு மாத்திக்கலாம். அதுவரைக்கும் கடைய மூடாதீங்க, ரிஜிஸ்டர்ல அண்ணாச்சி கையெழுத்தையே போட்டுக்கிடலாம்" என்றார். அவரை நம்பி அம்மா ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுத்தார்.

பணம் போனதைவிட அந்த யோசனையை நினைத்தால்தான் எனக்கு இன்னும் பதறுகிறது. லைசென்ஸ் என்பது வீடு, நிலம் போல வாரிசுக்கு இறங்குகிற சொத்து அல்ல. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 5வது பிரிவுப்படி, விற்பனைக்கு விற்பவர் பெயரில் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் விற்றால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது ஏழு ஆண்டு சிறை, ஆயுள் தண்டனை வரை போகலாம். இறந்தவர் கையெழுத்தைப் போட்டால் அதற்குத் தனி வழக்கு. நல்லவேளை, அண்ணன் ஷட்டரைத் திறக்கவே சம்மதிக்கவில்லை.

சில மாதம் கழித்து அந்த ஆள் இரண்டு சலான் நகல்களைக் கொடுத்தார். தேதி வேறு, தொகை வேறு, சலான் எண் மட்டும் ஒன்றே. முத்திரை இரண்டிலும் அதே இடத்தில், அதே சாய்வில் பதிந்திருந்தது. கேட்டதற்கு, "மேலிடத்துல நிறுத்தி வெச்சிட்டாங்க, காரணத்த எழுத்துல தரமாட்டாங்க" என்றார். இதுவும் பொய். 14வது பிரிவுப்படி, மறுத்தால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். கேட்டால் சுருக்கமாகத் தரவும் வேண்டும், பொதுநலன் கருதி விலக்கினால் ஒழிய. அதன்மேல் மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு. அலுவலகத்தில் நேரில் விசாரித்தபோது, எங்கள் பெயரில் மனுவே பதிவாகவில்லை என்றார்கள்.

கடைசியாக, "இங்க இழுத்தா ஜம்முல அண்ணன் பேருக்கு ஒரு லைசென்ஸ் எடுத்துத் தர்றேன்" என்று ஒரு தூண்டில் போட்டார். 2012 முதல் 2016 வரை ஜம்மு காஷ்மீரில் தகுதியில்லாதவர்களுக்கு சுமார் 2.78 லட்சம் லைசென்ஸ் வழங்கியதாக சிபிஐ வழக்கு நடத்துவது தெரிந்தும் இப்படிப் பேச ஒரு துணிச்சல் வேண்டும்.

இதே நிலையில் இருப்பவர்கள் முதலில் சரக்கைப் பாருங்கள். இருப்புப் பதிவேட்டோடு ஒத்துப்பார்த்து, பக்கத்து போலீஸ் ஸ்டேஷனுக்கு எழுத்தில் தெரிவித்து, 21வது பிரிவுப்படி அங்கேயோ உரிமம் உள்ள வேறு டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பிறகு வாரிசு அதை உரிமம் உள்ளவருக்கு விற்கவும் சட்டம் இடம் தருகிறது. புதிய லைசென்ஸுக்கு உங்கள் பெயரிலேயே விண்ணப்பியுங்கள். உரிமம் தரும் அதிகாரி போலீஸ் விசாரணை அறிக்கை கேட்டாக வேண்டும் என்பது சட்டம், அதனால் "விசாரணையே இல்லாம முடிச்சுத் தர்றேன்" என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஒப்புகை எண் கைக்கு வராமல் யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். லைசென்ஸ் என்று எதையாவது காட்டினால் அதில் யூ.ஐ.என். (லைசென்ஸுக்கான தனி அடையாள எண்) இருக்கிறதா என்று பாருங்கள்.

நாங்கள் மாவட்டக் குற்றப்பிரிவில் புகார் கொடுத்திருக்கிறோம். அந்த ஆள் இப்போது தென்காசிப் பக்கம் வேறொரு வீட்டுக்குப் போய்வருவதாகக் கேள்வி. அவர் கொடுத்த சலான் யாரிடமாவது இருந்தால் கிழித்துப் போடாமல் பத்திரமாக வைத்து நீங்களும் புகார் கொடுங்கள். ஒரே எண்ணில் இன்னும் எத்தனை சலான் வெளியே போயிருக்கிறது என்பது அப்போதுதான் தெரியவரும்.