கினி பிக் திடீரென வாடினால்: கண்ணை நம்பலாமா, தராசையா?

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு!" கினி பிக் என்ற சின்னக் கொறிக்கும் பிராணியை வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு. பெரும்பாலும் நேற்றே அது நன்றாக இருந்திருக்காது. இரையாகப் பிறந்த உயிர், நோயை வெளியே காட்டாது. கீரைக்கட்டைப் பிரிக்கும் சத்தம் கேட்டால் ஓடி வரும், தட்டில் வாயும் வைக்கும். ஆனால் உள்ளே ஒன்றும் இறங்கியிருக்காது.

இதை முன்கூட்டியே பிடிக்க மூன்று வழி: பார்த்துக் கணிப்பது, தடவிப் பார்ப்பது, எடை போடுவது. என் ஓட்டு தராசுக்கு.

கண்ணால் பார்ப்பது தேவைதான். புழுக்கை சிறுத்துப்போவது, மயிர் சிலிர்த்து மூலையில் ஒடுங்குவது, மூச்சில் கரகரப்பு எல்லாம் கண்ணுக்கும் காதுக்கும்தான் தெரியும். ஆனால் வீண் பீதியும் அதனால்தான் வருகிறது. கண்ணில் பால் போல வெள்ளை நீர் வந்தால் முகம் கழுவுகிறது என்று பொருள். நின்ற இடத்தில் துள்ளித் திரும்பினால் குஷி. வலிப்பு மாதிரி துடிதுடித்துச் சொறிந்தால்தான் விஷயம் வேறு. தோலுக்குள் துளைக்கும் சொறிப்பூச்சி அப்படி ஆட்டிவைக்கும்.

தடவிப் பார்த்தால் தாடைக் கட்டி அகப்படும். முதுகெலும்பு கையில் தட்டுப்படும்போதோ எடை ஏற்கெனவே நிறையக் குறைந்திருக்கும்.

தராசுக்கு வருவோம். 1 கிராம் வரை காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு போதும். ஆள் ஏறி நிற்கும் எடைமெஷின் உதவாது. ஒரு பிளாஸ்டிக் டப்பாவை மேலே வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கி, கினி பிக்கை உட்காரவைத்து, அசையாமல் நிற்க ஒரு கொத்தமல்லித் தண்டு கொடுங்கள். தின்றுமுடிக்கும் முன் எண்ணைக் குறித்துவிடுங்கள். வாரம் ஒரு நாள், காலைக் காய்கறிக்கு முன், அதே நேரத்தில்.

வளர்ந்தது 700 முதல் 1200 கிராம் இருக்கும். சுமார் 30 கிராம் ஏறி இறங்குவது சிறுநீரும் குடலில் உள்ள தீனியும்தான். 50–60 கிராம் இறங்கினால் தினமும் எடை போடுங்கள். 80 தாண்டினால் மருத்துவரிடம் போக வேண்டியதுதான். குட்டிக்கும் சினைக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

தராசு ஜெயிப்பது கடைவாய்ப்பல் விஷயத்தில். பல் ஆயுள் முழுக்க வளரும். உலர்புல் குறைந்து பெல்லட் (கடையில் விற்கும் குச்சித் தீனி) கூடினால் சரியாகத் தேயாது. கீழ்ப்பல் உள்நோக்கி வளர்ந்து நாக்கின்மேல் பாலம் கட்டும். முன்பல் அழகாகவே இருக்கும். கேரட்டை எடுக்கும், மெல்லும், போட்டுவிடும். நோட்டில் 980, 955, 915 என்று மூன்று வாரம் இறங்கியிருக்கும். கண்ணுக்கு மூன்றும் ஒரே கினி பிக்தான். வைட்டமின் சி குறைந்தாலும் மூட்டு வீங்கி நொண்டுவதற்கு முன்பே எடை இறங்கலாம். ஒரு கிலோ எடைக்குத் தினம் 10–30 மி.கி. வேண்டும். தண்ணீரில் சொட்டு விடுவதை நம்ப வேண்டாம், வெளிச்சத்தில் சத்து சிதையும். அதைவிடக் குடைமிளகாய்த் துண்டு கொடுப்பதே மேல்.

தராசுக்குப் பிடிபடாததும் உண்டு. வெயில் தாக்குவது, வயிறு உப்புவது இரண்டும் சில மணி நேரத்தில் நடப்பவை. வயிறு மேளம்போல் இறுகியிருந்தால் எதையும் ஊட்டாமல் உடனே கிளம்புங்கள்.

உப்புசம் இல்லாமல் தின்ன மறுத்தால், ஒரு நாள் காத்திருப்பதுகூட ஆபத்து, குடல் நின்றுபோகும். மருத்துவரிடம் போய்ச்சேரும்வரை பெல்லட்டை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் குழைத்து, ஊசி இல்லாத 1 மி.லி. சிரிஞ்சால் வாயின் பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் நுரையீரலுக்குப் போகும்.

நாய், மாடு மட்டுமே பார்த்துப் பழகிய மருத்துவர் என்றால் எடை நோட்டோடு ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: வாய்வழி அமாக்சிசிலின், பென்சிலின் வேண்டாம். குடலின் நல்ல கிருமிகள் அழிந்து, அந்த மருந்தாலேயே கினி பிக் செத்துப்போகலாம். வீட்டில் மிச்சமிருக்கும் குழந்தை சிரப்பையும் அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.