2.2 கிலோவாட் ஸ்பிண்டிலுக்கு எந்த விஎஃப்டி? ஹுவான்யாங், டெல்டா, ஹிட்டாச்சி

வீட்டுப் பட்டறை சிஎன்சி-க்கு (கணினி ஓட்டும் வெட்டு மெஷினுக்கு) ஸ்பிண்டில், அதாவது பிட்டைச் சுழற்றும் மோட்டார், வாங்குவதில் பெரிய குழப்பம் இல்லை. 80 மி.மீ. விட்டம், 2.2 கிலோவாட், 24,000 ஆர்பிஎம், பிட்டைப் பிடிக்க ஈஆர்20 காலெட் என்று முடிவாகிவிட்டால், தண்ணீரில் குளிர்வதா காற்றில் குளிர்வதா என்பது ஒன்றுதான் பாக்கி. தலைவலி அதை ஓட்டும் டிரைவில்தான் ஆரம்பிக்கிறது; விஎஃப்டி என்பதும் இதுதான், மின்சாரத்தின் அலைவெண்ணை மாற்றி மோட்டாரின் வேகத்தை மாற்றும் பெட்டி. பலரும் கிலோவாட் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு: வேகத்தை யார் மாற்றப் போகிறார்கள்? நீங்களே குமிழைத் திருகப் போகிறீர்களா, மெஷினுக்குக் கணினி அனுப்பும் ஜி-கோடில் வரும் எஸ் (வேகக்) கட்டளை மாற்றப் போகிறதா? இதற்குப் பதில் தெரிந்தால் பாதி முடிவு எடுத்தாயிற்று.

எந்த டிரைவாக இருந்தாலும் தப்பாமல் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. அதைச் செய்யாமல் ஸ்பிண்டிலைக் கருக்கியவர்கள் நிறைய பேர். இந்த ஸ்பிண்டில்கள் இரண்டு துருவ மோட்டார்கள். 400 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 24,000 சுற்று, 220 வோல்ட். அதாவது ஒரு ஹெர்ட்ஸுக்கு 0.55 வோல்ட். டிரைவோ சாதாரணத் தொழிற்சாலை மோட்டாரை மனதில் வைத்து, அடிப்படை அலைவெண் 50 அல்லது 60 என்ற அமைப்போடுதான் பெட்டியிலிருந்து வரும். அப்படியே ஓட்டினால் 50 ஹெர்ட்ஸிலேயே முழு 220 வோல்ட் போய்ச் சேரும். அந்த வேகத்தில் மோட்டார் கேட்பது 27.5 வோல்ட்தான். எட்டு மடங்கு! இரும்பு உள்ளகம் காந்தத்தில் நிறைந்துபோய், மின்னோட்டம் தறிகெட்டு ஏறும். மோட்டார் முனகும், சுற்றத் திணறும். டிரைவ் டிரிப் ஆனால் தப்பித்தீர்கள். ஆகாவிட்டால் வார்னிஷ் வாசனை வரும்.

ஆகவே சுவிட்சைப் போடும் முன், ஹுவான்யாங்கில் பிடி004 (அடிப்படை அலைவெண்), பிடி005 (உச்ச அலைவெண்) என்ற இரண்டு அமைப்புகளையும் 400 ஆக்குங்கள். டெல்டா எம்எஸ்300-ல் இதே வேலைக்கு 01-00, 01-01, மின்னழுத்தத்துக்கு 01-02. ஹிட்டாச்சி டபிள்யூஜே200-ல் ஏ003, ஏ004, மின்னழுத்தத்துக்கு ஏ082. ஹுவான்யாங்கில் இன்னொரு வேடிக்கை உண்டு. 50 ஹெர்ட்ஸில் எத்தனை சுற்று என்று சொல்லும் பிடி144 தொழிற்சாலையிலிருந்து 1440 என்றே வரும். அதை 3000 ஆக்காமல் விட்டால், மோட்டார் 24,000-ல் அலறிக்கொண்டிருக்கும்போது திரை சாவகாசமாக 11,520 என்று காட்டும்.

இனி ஒப்பீடு.

ஹுவான்யாங்கின் எச்ஒய் வரிசைதான் பொழுதுபோக்குக்காரர்களிடம் அதிகம் புழங்குவது; ஸ்பிண்டிலோடு சேர்த்தே கட்டிக் கொடுத்துவிடுவார்கள். வி/எஃப் கட்டுப்பாடு (அலைவெண்ணுக்கு ஏற்ற விகிதத்தில் மின்னழுத்தம் தருவது) மட்டும்தான், உச்சம் 400 ஹெர்ட்ஸ். முகப்பில் குமிழ் இருக்கிறது. கையால் திருகுபவருக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. கணினி வழி ஓட்ட நினைத்தால்தான் சங்கதி வேறு. கணினியோடு பேச ஆர்எஸ்485 முனைகள் இருக்கின்றன, சரிபார்ப்புக் குறியீடுகூட தொழிற்சாலைக் கருவிகளின் பொது மொழியான மோட்பஸ் மாதிரியே. ஆனால் பேசும் மொழி மோட்பஸ் இல்லை. மோட்பஸில் 03 என்றால் 'ரெஜிஸ்டரை (கருவிக்குள் இருக்கும் மதிப்பை) படி' என்று பொருள்; இங்கே 03 என்றால் 'ஓடு, நில்' என்ற கட்டளை. பொதுவான மோட்பஸ் மென்பொருளை மாட்டி நாள் முழுக்க மல்லுக்கட்டியவர்களுக்குக் காரணம் இதுதான். இத்தனைக்கும் இந்த விசித்திர மொழியைத்தான் பொழுதுபோக்கு உலகம் நன்றாகக் கற்றுவைத்திருக்கிறது. மெஷினை ஓட்டும் மென்பொருளான லினக்ஸ்சிஎன்சி-யில் இதற்கென்றே எச்ஒய்_விஎஃப்டி என்ற பகுதி உண்டு; ஃப்ளூயிட்என்சி என்ற கன்ட்ரோலர் மென்பொருளிலும் பெயர் சொல்லி ஆதரவு இருக்கிறது. முறை தவறிய பிள்ளைக்குத்தான் ஊரெல்லாம் செல்லம்.

ஒரு எச்சரிக்கை. இதே தோற்றத்தில் வரும் போலிகளில் பிரேக் ரெசிஸ்டருக்கான (மோட்டார் நிற்கும்போது திரும்பி வரும் ஆற்றலை வெப்பமாக்கும் பாகத்துக்கான) முனை வெளியே இருக்கும். உள்ளே அதை இயக்கும் டிரான்சிஸ்டர் பொருத்தப்படாமலே இருக்கலாம். அந்த முனையை நம்பி, மோட்டார் நிற்க எடுக்கும் நேரத்தை ஒரு வினாடிக்குக் குறைத்தால், மோட்டார் திருப்பித் தள்ளும் ஆற்றலில் டிரைவுக்குள் இருக்கும் டிசி பஸ் மின்னழுத்தம் ஏறி டிரிப் ஆகும். எட்டுப் பத்து வினாடி கொடுத்துவிட்டால் ரெசிஸ்டரே வேண்டாம்.

டெல்டா எம்எஸ்300 இன்னொரு ஜாதி. சென்சார் இல்லாத வெக்டார் (மோட்டாரின் பாரத்தைக் கணித்து அதற்கேற்ப மின்னோட்டத்தைச் சரிசெய்யும் முறை), ஒழுங்கான மோட்பஸ், அவசர நிறுத்தத்துக்கு எஸ்டிஓ முனை, மின் இரைச்சலைத் தடுக்கும் ஃபில்டர் உள்ளேயே வரும் மாடல்கள், எல்லாவற்றுக்கும் மேலாக வாசித்தால் புரிகிற கையேடு. சாதாரண மாடலின் உச்சம் 599 ஹெர்ட்ஸ். 600-க்கு ஒன்று ஏன் குறைகிறது என்றால், 600 ஹெர்ட்ஸும் அதற்கு மேலும் தரும் டிரைவ்கள் யுரேனியம் செறிவூட்டும் சென்ட்ரிஃபியூஜை ஓட்ட உதவும் என்று ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்குள் வருகின்றன. மரப்பலகையில் பூ வேலை செய்பவருக்கு 400 போதும், அது வேறு விஷயம்.

ஹிட்டாச்சி டபிள்யூஜே200-உம் வெக்டார்தான். பிரேக் சர்க்யூட் உள்ளேயே இருக்கிறது. வழக்கமான நிலையில் 400 ஹெர்ட்ஸ் வரை, நமக்கு அளந்து தைத்த மாதிரி. லினக்ஸ்சிஎன்சி-யில் இதற்கும் டபிள்யூஜே200_விஎஃப்டி என்று தனிப் பகுதி இருப்பதால், அந்த மென்பொருளில் இருப்பவருக்கு நான் யோசிக்காமல் கைகாட்டுவது இதைத்தான். வேறு கன்ட்ரோலர் என்றால் டெல்டாவைத் தாண்டி இதைத் தேடிப்போக எனக்குக் காரணம் தெரியவில்லை.

வெக்டார் என்ற ஒரு சொல்லுக்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்கலாமா? 2.2 கிலோவாட்டை 24,000 ஆர்பிஎம்-மின் கோண வேகத்தால் வகுத்தால் கிடைக்கும் டார்க் (திருகு விசை) சுமார் 0.88 நியூட்டன் மீட்டர். வேகம் குறைந்தால் டார்க் ஏறிவிடப் போவதில்லை. 8,000 ஆர்பிஎம்-மில் கையில் இருப்பது 730 வாட் சொச்சம்தான், எந்த டிரைவானாலும். வெக்டார் செய்வது, பாரம் ஏறும்போது வேகம் சரியாமல் பிடித்துக்கொள்வது. அலுமினியத்தைக் குறைந்த வேகத்தில் பெரிய பிட்டால் அறுப்பவருக்கு அந்தப் பிடிப்பு கைக்குத் தெரியும். 18,000-ல் பிளைவுட் வெட்டுபவருக்குத் தெரியாது. ஸ்பிண்டில் காற்றில் குளிர்வது என்றால் விசிறி அதன் தண்டிலேயே சுழல்கிறது. 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகவே கூடாது என்று பூட்டி வைப்பதுதான் வழக்கம். அப்படியிருக்க, வெக்டாரின் கீழ்வேகச் சாமர்த்தியத்தை எங்கே பயன்படுத்துவது?

ஆம்பியரைப் பாருங்கள், கிலோவாட்டை அல்ல. டிரைவ் தரும் ஆம்பியர் ஸ்பிண்டிலின் பெயர்ப் பலகையில் உள்ளதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். வீட்டில் சிங்கிள் ஃபேஸ் என்றால் அதற்கென்றே உள்ள மாடலை வாங்குங்கள். த்ரீ ஃபேஸ் உள்ளீட்டு டிரைவ் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்பட்டால், பாதித் திறன்தான் கிடைக்கும். ஃபேஸ் காணோம் என்று அடிக்கடி நின்றும் போகலாம்.

கடைசியாக, மூன்றுக்கும் பொதுவான ஒரு தொல்லை: இரைச்சல். காதுக்குக் கேட்பதைச் சொல்லவில்லை, டிரைவிலிருந்து பக்கத்து வயர்களில் புகுந்து பொய் சிக்னல் தரும் மின் இரைச்சலை. என் மெஷின் வெட்டிக்கொண்டிருக்கும்போதே திடீரென நிற்கும். ஓட்டத்தின் எல்லையில் இருக்கும் லிமிட் சுவிட்ச் அடித்ததாகத் திரை சொல்லும்; போய்ப் பார்த்தால் கேன்ட்ரி (ஸ்பிண்டிலைச் சுமந்து நகரும் பாலம்) நடுவில் இருக்கும், சுவிட்சைத் தொட்டிருக்கவே முடியாது. மலிவு டிரைவின் குணம் இது என்று நானே தீர்ப்பெழுதி, விலை கூடியதற்கு ஆர்டர் போடவும் உட்கார்ந்துவிட்டேன். எதற்கும் பார்ப்போம் என்று எல்லா மின்சாரத்தையும் துண்டித்து, டிரைவின் சார்ஜ் விளக்கு அணையும்வரை காத்திருந்து (உள்ளே 311 வோல்ட் டிசி உட்கார்ந்திருக்கும்), ஸ்பிண்டில் தலையில் இருக்கும் நாலு பின் கனெக்டரைக் கழற்றினேன். மல்டிமீட்டரின் ஒரு முனையை நாலாவது பின்னிலும் மறு முனையை ஸ்பிண்டில் உடம்பிலும் வைத்தேன். பீப் சத்தமே இல்லை. எர்த் என்று நான் நம்பிய பின் உள்ளே எதனோடும் சேரவில்லை. மேல் மூடியைத் திறந்து, உடம்புக்கு ஒரு வயரைத் திருகி நாலாவது பின்னில் பற்றவைத்தேன். ஷீல்டு கேபிளின் வலையையும் டிரைவின் எர்த் முனையில் இறுக்கினேன். பொய் அலாரம் அன்றோடு நின்றது. ஆர்டர் போடாமல் விட்ட பக்கம் இன்னும் திறந்தே கிடக்கிறது. மலிவு டிரைவ்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.