கையில் ஒட்டிய சென்சாரும் அடுப்படித் தராசும்: எட்டு மாத அனுபவம்

முதலில் எண்களைச் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி எழுத்துகளைப் படிக்கும்போது நானே அவற்றைத்தான் தேடிக்கொண்டு கீழே உருட்டுவேன். வயது 51, ஊர் மதுரை, சுகர் வந்து ஒன்பது வருடம். போன ஆடியில் எடை 86 கிலோ, எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்கிற ரத்தப் பரிசோதனை) 8.4. இப்போது 77.5 கிலோ, 6.7. உயரம் 168 செ.மீ. என்பதால் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை பொருந்துகிறதா என்று பார்க்கிற கணக்கு, இன்னும் 27 சொச்சம், நம் உடல்வாகுக்கு 23 தாண்டினாலே அதிக எடை, 25 தாண்டினால் உடல் பருமன் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள், ஆக ஒல்லியாகிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பேண்ட் மட்டும் இரண்டு முறை தையல்காரரிடம் போய் வந்திருக்கிறது.

செலவழித்தது இரண்டு பொருளுக்கு. ஒன்று, மூன்று மாத 'சர்க்கரை மீட்பு' திட்டம், 18,500 ரூபாய். அதில் கையில் ஒட்டும் சென்சார் இரண்டு, ஒரு ஆப், டயட்டீஷியன், கோச் எல்லாம் அடக்கம். கம்பெனி பெயர் வேண்டாம், போனைத் திறந்தாலே விளம்பரம் வருகிற வகையறாதான். இன்னொன்று, அடுப்படியில் வைக்கிற சின்ன எலெக்ட்ரானிக் தராசு, 400 ரூபாய்.

சென்சாரைப் பற்றித்தான் எல்லாரும் கேட்கிறார்கள் என்பதால் அதிலிருந்து வருகிறேன். ஒரு பெரிய சட்டைப் பொத்தான் அளவு இருக்கும், மேல்கையின் பின்பக்கம் வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் 'டப்' என்று ஒட்டிக்கொள்ளும், வலி எறும்புக்கடிகூட இல்லை. உள்ளே முடி மாதிரி ஒரு இழை தோலுக்கடியில் இருக்கிற நீரில் சர்க்கரையை அளக்கிறது. ரத்தத்தில் இல்லை, இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அதனால்தான் விரலில் குத்திப் பார்ப்பதற்கும் இதற்கும் ஐந்து பத்து நிமிட இடைவெளி விழுகிறது. 14 நாள் உழைக்கும். ஒட்டிய முதல் நாள் அது காட்டுவதை நம்பாதீர்கள், எனக்கு விரலில் 142 இருந்தபோது அது 108 என்றது, மறுநாள்தான் வழிக்கு வந்தது.

சரி, அது என்ன சொன்னது? காலை நான்கரை மணிக்கு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல், ஆப்பில் தெரிகிற சர்க்கரைக் கோடு மெல்ல ஏற ஆரம்பித்து ஏழு மணிக்குள் 30 புள்ளி கூடியிருந்தது. நான் ராத்திரி தூக்கத்தில் எழுந்து எதையாவது தின்றேனா என்று வீட்டில் சந்தேகமே வந்துவிட்டது. டாக்டரிடம் கேட்டால், விடியற்காலையில் சுரக்கிற சில ஹார்மோன்களால் கல்லீரல் தானாகச் சர்க்கரையை ரத்தத்தில் விடும், இன்சுலின் சரியாக வேலை செய்கிறவர்களுக்கு அது தெரியாது, உங்களுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான் என்றார். ஒன்பது வருடமாக வெறும்வயிற்று அளவு கூடும்போதெல்லாம் முந்தின நாள் ராத்திரி தின்ற தோசையைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்தது என் கேழ்வரகுக் கஞ்சி. சுகர் வந்த நாளிலிருந்து காலையில் பெரிய டம்ளர் நிறைய கேழ்வரகு மாவுக் கஞ்சி, மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு. ஊருக்கெல்லாம் உபதேசம் வேறு. சென்சாரில் 131-லிருந்து ஒரு மணி நேரத்தில் 226. நாலு இட்லி சாம்பாருக்கு வந்தது 231. ரெண்டுக்கும் அஞ்சு புள்ளி வித்தியாசம்! பிறகு யோசித்தால் புரிகிறது, நைசாக அரைத்த மாவைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்க வைத்தால் செரிப்பதற்கு என்ன மிச்சம் இருக்கும், உடம்பு உறிஞ்சிக்கொள்ள வேண்டியதுதான். சிறுதானியம் என்ற பெயருக்கு மட்டும் சர்க்கரை பயப்படுவதில்லை. அதே கேழ்வரகில் முருங்கைக்கீரை போட்டு ஒரே ஒரு அடை, கூட ஒரு முட்டை என்று தின்ற அன்றைக்கு 180-ஐத் தாண்டவில்லை.

இட்லியை விட முடியாது, அது வேறு விஷயம், மதுரைக்காரனிடம் கேட்கக்கூடாத ஒன்று. நாலை இரண்டாக்கினேன், அதற்கு முன்னால் ஒரு கிண்ணம் பாசிப்பயறு சுண்டல், அதைத் தின்று முடித்துப் பத்து நிமிடம் கழித்துத்தான் இட்லி. 172. மதியமும் அப்படியே, முதலில் பொரியலும் கூட்டும் மீனும், கடைசியில் சோறு. காய், புரதம் முதலில், மாவுச்சத்து கடைசியில் என்று வரிசையை மாற்றினால் ஏற்றம் குறையும் என்று ஆராய்ச்சியெல்லாம் வந்திருக்கிறதாம், ஆனால் சாம்பார் சோற்றைத் தொடாமல் வெறும் பொரியலை உட்கார்ந்து தின்பது முதல் வாரம் ஏதோ தண்டனை மாதிரி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சாப்பிட்டு முடித்த கையோடு 15 நிமிட நடை, அதுதான் எல்லாவற்றையும் விடக் கண்ணுக்கு நேரே தெரிந்த மாற்றம், கோடு ஏறிக்கொண்டிருக்கும்போதே வளைந்து இறங்குவதைப் பார்க்கலாம். ராத்திரிச் சாப்பாட்டை ஒன்பதரையிலிருந்து ஏழரைக்குக் கொண்டுவந்து, தெப்பக்குளத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு வருகிறேன், ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். சுற்றிலும் வண்டிக் கடைகளில் இருந்து வருகிற வாசனையை மூக்கு தாங்க வேண்டும்.

பரோட்டாவையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பரோட்டா, சால்னா. இரண்டு மணி நேரம் கழித்து 168. அட, இது இட்லியை விட நல்லதா என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். மூன்றாவது மணி நேரத்தில் 240-க்குப் போய் நள்ளிரவு வரைக்கும் இறங்கவே இல்லை. எண்ணெய் செரிமானத்தை இழுத்தடிக்கும், சர்க்கரை தாமதமாக வந்து நெடுநேரம் உட்கார்ந்துகொள்ளும். லேபில் இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுத்திருந்தால் நல்ல பிள்ளை என்று சான்றிதழ் வாங்கியிருப்பேன். இந்த ஒன்றுக்காகவே சென்சாருக்கு ஒரு தடவை காசு கொடுக்கலாம் என்பேன்.

குறைகள். மதுரை வெயிலுக்கும் அந்தப் பசைக்கும் ஒத்துவரவில்லை, முதல் சென்சார் 11-ஆம் நாள் சட்டை கழற்றும்போது சட்டையோடு வந்துவிட்டது. மாற்றித் தருவார்களா என்று கேட்டதற்கு வாடிக்கையாளர் சேவையிலிருந்து மூன்று நாள் கழித்து ஒரு நன்றி செய்தி வந்தது, எதற்கு நன்றி என்று தெரியவில்லை. இரண்டாவதற்கு மேலே மருந்துக்கடை டேப் ஒட்டிக் காப்பாற்றினேன். இன்னொன்று, ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு போன் அலறியது, சர்க்கரை 54 என்று. "ஏங்க, எந்திரிங்க, ஏங்க" என்று என் மனைவி உலுக்கி எழுப்பி, நான் கண் திறப்பதற்குள் வாயில் குளுக்கோஸ் தண்ணீர். கால் மணி நேரம் கழித்து விரலில் குத்தினால் 190. அந்தக் கையை அடியில் போட்டுத் தூங்கியதால் சென்சார் அழுந்தி இல்லாத இறக்கத்தைக் காட்டியிருக்கிறது. மயக்கமோ படபடப்போ இல்லாமல் அலாரம் மட்டும் அடித்தால் முதலில் விரலில் ஒரு குத்து குத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒரு தடவை நிஜமாகவே இறங்கியது. சோற்றையும் இட்லியையும் குறைத்த இரண்டாவது வாரம், காலை பதினொன்றரைக்கு, ஆபீசில் கை நடுங்கி வியர்த்துவிட்டது, விரலில் குத்தினால் 61. நான் அப்போது மெட்ஃபார்மின் மாத்திரையோடு கிளிமிபிரைடும் போட்டுக்கொண்டிருந்தேன். இந்தக் கிளிமிபிரைடு நீங்கள் தின்றீர்களா இல்லையா என்று பார்க்காமல் கணையத்தைத் தட்டி இன்சுலினை வெளியே கொண்டுவருகிற மாத்திரை. சாப்பாட்டைப் பாதியாக்கிவிட்டு மாத்திரையை அப்படியே விட்டால் இதுதான் நடக்கும். திட்டத்தில் சேர்ந்த முதல் நாளே இதைச் சொல்லியிருக்க வேண்டாமா? கோச் தம்பி "சூப்பர் சார், நல்லா குறையுது" என்று கைதட்டும் பொம்மை அனுப்பினார். என் டாக்டர்தான் அன்று சாயங்காலமே மாத்திரையைப் பாதியாக்கினார், இப்போது அது நின்றேவிட்டது. கிளிமிபிரைடு, இன்சுலின் போடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் சாப்பாட்டைக் குறைக்கவே குறைக்காதீர்கள். பெயர் 'கிளிஃப்ளோசின்' என்று முடிகிற மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களும் மாவுச்சத்தை ஒரேயடியாக வெட்டக்கூடாது, அதில் வேறு ஆபத்து இருக்கிறது.

டயட்டீஷியன் விஷயத்தை ஒரே வரியில் முடிக்கிறேன்: ஓட்ஸ் சில்லா, பனீர் புர்ஜி, அவகாடோ. கீரை, சுண்டல், அயிரை மீன் எல்லாம் ஆப்பின் பட்டியலிலேயே இல்லை.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. முதல் மாதம் முழுக்கக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன், தட்டையாக இருந்தால் வெற்றி. எது கோட்டை ஏற்றவில்லையோ அதைத் தின்றேன். வறுத்த நிலக்கடலை, ஏறவில்லை. மட்டன் சுக்கா, ஏறவில்லை. ஆம்லெட், ஏறவில்லை. மாதக் கடைசியில் எடை 86.4. சர்க்கரை நன்றாக இறங்கியிருக்கிறது, எடை 400 கிராம் கூடியிருக்கிறது! சென்சாருக்குச் சர்க்கரைதான் தெரியும், எண்ணெய் அதன் கண்ணுக்குப் படாது. ஆனால் என் பிரச்சினையின் வேர் வயிற்றில் இருக்கிற கொழுப்பு, ஈரலிலும் கணையத்திலும் படிந்திருப்பது, அது குறையாமல் சோற்றை மட்டும் ஒளித்துவைத்து என்ன பிரயோஜனம்.

அந்த வாரம்தான் தராசு வாங்கினேன். ஒரு கைப்பிடி என்று நான் தின்ற கடலை 70 கிராம், கிட்டத்தட்ட 400 கலோரி. கொஞ்சமாகத்தான் சாப்பிடுகிறேன் என்று ஒன்பது வருடமாக டாக்டரிடம் சொன்ன மதியச் சோறு, குறைத்ததற்கு முன்னால் எப்படிப் போட்டுக்கொள்வேனோ அப்படிப் போட்டு நிறுத்துப் பார்த்தேன், 420 கிராம். என் மனைவி தராசு பழுது என்றாள். அவள் தங்கை வீட்டுத் தராசிலும் அதேதான் காட்டியது. அப்புறம் எண்ணெய்: நாலு பேர் வீட்டில் மாதம் ஐந்து லிட்டர். ஒரு லிட்டர் பாக்கெட்டில் 910 கிராம் என்று போட்டிருப்பான், வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 38 கிராம், ஒரு கிராம் எண்ணெய் ஒன்பது கலோரி. இதில் கடையில் தின்ற வடையும் சுக்காவும் சேரவில்லை. எண்ணெய்த் தூக்கைப் பரண் மேல் ஏற்றிவிட்டு, ஒரு அளவுக் கரண்டி வைத்தோம், மாதம் மூன்று லிட்டருக்கு வந்திருக்கிறது. வேறு யாருக்கும் குழம்பின் ருசியில் வித்தியாசம் தெரியவில்லை, என் மகன் மட்டும் தோசை ரப்பர் மாதிரி இருக்கிறது என்று ஒரு மாதம் முணுமுணுத்தான். அவனும் மூன்று கிலோ குறைந்திருக்கிறான், வெளியே சொல்வதில்லை.

சோறு 150 கிராம், கடலை 20 கிராம், எண்ணெய் அளவுக் கரண்டி. இந்த மூன்றிலும்தான் எட்டரைக் கிலோவும் போனது. மாதம் ஒன்று, ஒன்றேகால் கிலோ, அதுவும் தீபாவளி மாதம் ஒன்றும் குறையவில்லை.

விளம்பரத்தில் சர்க்கரையே போய்விடும், மாத்திரையே வேண்டாம் என்கிறார்களே, அது முழுப் பொய்யும் இல்லை. பிரிட்டனில் 'டைரக்ட்' என்ற ஆய்வு நடந்தது, 2017-இல் முடிவு வந்தது. மூன்று முதல் ஐந்து மாதம் வரை நாளைக்கு 850 கலோரி அளவுக்கு சூப், ஷேக் மட்டும் கொடுத்து, பிறகு மெல்ல உணவுக்குத் திருப்பினார்கள். ஒரு வருடத்தில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே எச்பிஏ1சி 6.5-க்குக் கீழே வந்தது, 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு. ஆனால் அதில் சேர்க்கப்பட்டவர்கள் சர்க்கரை வந்து ஆறு வருடத்துக்குள் இருப்பவர்கள், இன்சுலின் போடாதவர்கள். இரண்டாவது வருடம் அந்த 46 என்பது 36 ஆகிவிட்டது. ஒன்பது வருடக்காரனான என்னிடம் இதையெல்லாம் ஒரு வார்த்தை சொல்லாமல் காசு வாங்கினார்கள் என்பதுதான் என் கோபம். சர்க்கரை புதிதாக வந்தவர்கள், வயது குறைந்தவர்கள் எடையில் முழு மூச்சாக இறங்கலாம், உங்களுக்குத்தான் வாய்ப்பு அதிகம்.

ஆக, திட்டம்: ஐந்துக்கு ஒன்றரை, அந்த ஒன்றரையும் சென்சாருக்காக. சென்சார் மட்டும் தனியாக மருந்துக்கடையில் ஐயாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கிறது, டாக்டரிடம் கேட்டுவிட்டு வருடத்துக்கு ஒரு தடவை ஒட்டிப் பார்க்கலாம், அந்த 14 நாளில் வீட்டில் வழக்கமாகத் தின்கிற ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள், ஆப்பை நம்பாதீர்கள், சந்தா முடிந்த மறுநாள் அதிலிருந்த என் கணக்கு முழுவதும் பூட்டிக்கொண்டது. புதுப்பிக்கச் சொல்லி இன்னும் வாரம் ஒரு போன் வருகிறது. தராசுக்கு ஐந்துக்கு ஐந்து. ஒரே குறை, கழுவ முடியாது, பொத்தானுக்குள் மாவு போய்விடுகிறது, எட்டு மாதத்தில் மூன்று தடவை பேட்டரி மாற்றியாகிவிட்டது.