கிளிப் வைத்த எவர்சில்வர் தூக்குவாளி: பதினான்கு மாதப் புழக்கத்துக்குப் பிறகு

மதுரையில் மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒன்றில் இருக்கும் பாத்திரக்கடையில் இந்தத் தூக்குவாளியை வாங்கினேன். ஒன்றரை லிட்டர் பிடிக்கும். இரண்டு பக்கமும் கிளிப், மூடிக்குள் சிலிக்கான் வாஷர், மேலே கம்பிக் கைப்பிடி. விலை 560 ரூபாய். பால், இட்லி மாவு, ஓட்டல் சாம்பார், கறி என்று ஈரமாக வாங்குகிற எல்லாவற்றுக்கும் இதைத்தான் கொண்டுபோகிறேன். வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம். எங்கே உதவும், எங்கே காலை வாரும் என்று தெரிந்து வாங்கினால் இன்னும் நல்லது.

முதலில், இது எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் நான்கு மாடு வைத்துப் பால் ஊற்றுகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன் அவருடைய மாடு ஒன்று அசைபோடுவதை நிறுத்திவிட்டது. வயிறு உப்பி, தண்ணீர்த் தொட்டிப் பக்கம்கூடப் போகாமல் நின்றது. கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது அவர் வீட்டு அக்காவுக்குத் துணையாக நானும் போயிருந்தேன். இடது விலாவுக்குப் பின்னால் கீறி, டாக்டர் தோள்வரை கையை விட்டுப் பிடி பிடியாக வெளியே எடுத்தார். எல்லாம் பாலித்தீன் கவர். கயிறுபோல முறுக்கிக்கொண்டு கிடந்தது. அதில் சின்ன கவர்கள் பலவற்றில் போட்ட முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது. சாம்பாருக்கும் சட்னிக்கும் ஓட்டலில் போட்டுத் தருகிற முடிச்சு.

அந்த முடிச்சை நாம் யாரும் அவிழ்ப்பதில்லை. மூலையில் கத்தரியால் வெட்டி ஊற்றிவிட்டு, அடியில் ஒட்டின மிச்சத்தோடு குப்பையில் போடுகிறோம். அந்த வாசத்துக்குத்தான் மாடு வருகிறது. அதற்குக் கவரைப் பிரித்து உள்ளே இருப்பதை மட்டும் தின்னத் தெரியாது, நாக்கால் வளைத்து அப்படியே விழுங்கும். அந்த மாடு பிழைத்துவிட்டது. நான்தான் பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

வீட்டில் எண்ணிப் பார்த்தேன். நான்கு பேருக்கு ஒரு வேளை இட்லி பார்சல் வாங்கினால் சாம்பார் கவர் இரண்டு, சட்னி கவர் மூன்று, இட்லிக்கு அடியில் விரிக்கிற தாள் ஒன்று, எல்லாவற்றையும் போட்டுத் தருகிற பை ஒன்று. மொத்தம் ஏழு. எங்கள் வீட்டில் வாரம் இரண்டு முறை இது நடந்துகொண்டிருந்தது.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. கேரிபேக், உணவு கட்டும் தாள், பிளாஸ்டிக் கப், உறிஞ்சுகுழல் எல்லாம் அதில் உண்டு. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது. மஞ்சப்பை எனக்கு மிகவும் பிடித்த விஷயம், வண்டியில் எப்போதும் இரண்டு இருக்கும். ஆனால் அது காய்கறிக்கும் பலசரக்குக்கும் சரி, சாம்பாரைப் பையில் ஊற்ற முடியாதே! நம்மில் பலர் பையோடு கடைக்குப் போய், அந்தப் பைக்குள்ளேயே நாலு கவரை வாங்கிப் போட்டுக்கொண்டு வருவது இந்த ஈரச் சாமான்களால்தான். தூக்குவாளி இல்லாமல் மஞ்சப்பை பாதி வேலைதான் செய்கிறது என்பது என் அனுபவம்.

சரி, பாத்திரத்துக்கு வருகிறேன்.

அம்மா காலத்து அழுத்தி மூடும் தூக்குவாளி ஒன்றும் வீட்டில் இருக்கிறது. நடந்து போய்ப் பால் வாங்க அது போதும். ஸ்கூட்டர் கொக்கியில் மாட்டினால் முதல் வேகத்தடையிலேயே மூடி எழும்பிவிடும், ரசம் காலில் கொட்டும். கிளிப் வைத்ததில் அந்தப் பயம் இல்லை. இந்தப் பதினான்கு மாதத்தில் ஒரு சொட்டுச் சிந்தியதில்லை.

இரண்டு விஷயத்தை மட்டும் பழகிக்கொள்ள வேண்டும். கொதிக்கக் கொதிக்கச் சாம்பாரை ஊற்றி உடனே கிளிப்பைப் போட்டால், ஆறினதும் உள்ளே காற்று சுருங்கி மூடி இறுகிப்போகும். வீட்டுக்கு வந்ததும் கிளிப்பை எடுத்து மூடியைச் சற்றே தளர்த்தி வையுங்கள். இட்லி மாவுக்கு நேர்மாறான பிரச்சினை. முக்கால் அளவுக்கு மேல் வாங்கி, கிளிப்போடு இரவு முழுக்க வெளியே வைத்தால் மாவு பொங்கி வாஷர் வழியாக வழியும். மாவை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுவது நல்லது.

வாஷர்தான் இதன் பலவீனம். எவர்சில்வரில் எந்த வாசமும் நிற்காது, சிலிக்கானில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கி வந்துவிட்டு, திங்கட்கிழமை அதிலேயே பால் வாங்கினால் காபி குடிக்க முடியாது. வாஷரைக் கழற்றி, வெந்நீரில் சோடா உப்புப் போட்டு ஊறவைத்து, மொட்டைமாடி வெயிலில் ஒரு மதியம் காய வைத்தால் சரியாகிவிடும். அப்புறம் நான் வாஷர் ஒன்று தனியாக வாங்கிக்கொண்டேன், இருபது ரூபாய். கறிக்கும் மீனுக்கும் அது, மற்றதற்கெல்லாம் பழையது.

எவர்சில்வரின் தரம் பற்றி ஒரு வார்த்தை. காந்தத்தை வைத்துப் பார்த்து, ஒட்டவில்லை என்றால் நல்ல சரக்கு என்று சொல்வார்கள். 304 என்கிற தரத்தில் பொதுவாகக் காந்தம் ஒட்டாது, உண்மைதான். ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு கூட்டிச் செய்கிற 202-லும் ஒட்டாது. அது புளிக்கும் உப்புக்கும் 304 அளவுக்குத் தாங்காது, நாள்பட்டால் புள்ளி விழலாம். அதனால் அடியில் 304 என்று முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், ரசீதிலும் எழுதச் சொல்லுங்கள். எவர்சில்வர் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கி 2024 மார்ச்சில் மத்திய அரசு ஆணை வெளியிட்டது. அதையும் பார்த்து வாங்குங்கள். இன்னொன்று, உங்கள் கை முழுசாக உள்ளே போகிற அளவுக்கு வாய் அகலமாக இருக்க வேண்டும். குறுகிய வாய் வைத்ததன் அடியைத் தேய்க்க முடியாது.

கடைகளில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதுதான் பெரிய விஷயம். மாவுக்கடை அக்கா முதல் நாளே, "கொண்டாங்க டீச்சர், கவர் காசு எனக்கு மிச்சம்" என்று வாங்கி, ஒரு கரண்டி கூடவே ஊற்றினார். பால்கார அண்ணனிடம் சொல்லவே வேண்டாம். தடுமாறியது ஓட்டலில்தான். இரவு எட்டு மணிக்குப் போய்த் தூக்குவாளியை நீட்டினேன். பார்சல் கட்டுகிற தம்பி முகம் சுளிக்காமல் வாங்கி, ஏற்கெனவே கட்டி அடுக்கி வைத்திருந்த சாம்பார் கவர் மூன்றை எடுத்து, ஒவ்வொன்றாக வெட்டி என் பாத்திரத்தில் ஊற்றி, கவரைத் தொட்டியில் போட்டார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அந்தத் தம்பியைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கூட்ட நேரத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் கட்டி வைப்பதுதான் அங்கே வழக்கம்.

விசாரித்ததில், அவர்கள் கட்ட ஆரம்பிப்பது ஏழு மணிக்கு என்று தெரிந்தது. இப்போது ஆறே முக்காலுக்குப் போகிறேன். அண்டாவிலிருந்து நேராகத் தூக்குவாளிக்கு வருகிறது. சட்னிக்குச் சின்ன சம்படம் இரண்டு, இட்லிக்கு ஒரு பெரிய சம்படம், நான்கும் ஒரே மஞ்சப்பையில் அடங்கும். இட்லிக்கு அடியில் வாழையிலை மட்டும் கேட்டு வாங்குங்கள். சில இடங்களில் இலைக்குப் பதில் செய்தித்தாளில் வைத்துத் தருகிறார்கள். அச்சு மை உணவில் ஒட்டும் என்பதால் செய்தித்தாளில் உணவைக் கட்டக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லியிருக்கிறது. பிளாஸ்டிக்கை விட்டுவிட்டு அதற்குப் போவதில் பயனில்லை.

குறை என்று பார்த்தால், ஒரு நேரத்தில் ஒரு பொருள்தான் வாங்க முடியும். திடீரென்று வழியில் மாவு வாங்கத் தோன்றினால் கையில் இருக்காது. அதற்காக வண்டியின் சீட்டுக்கு அடியிலேயே வைத்துவிட்டேன். கழுவிக் காய்ந்ததும் மறுபடி அங்கேதான் போக வேண்டும் என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

கறிக்கடையில் ஒரு சிக்கல் இருந்தது. மின்தராசில் பாத்திரத்தை வைத்துச் சுழியமாக்கிவிட்டுக் கறியைப் போடலாம். ஞாயிறு காலைக் கூட்டத்தில் அதற்கு அவருக்கும் பொறுமை இல்லை, பின்னால் நிற்பவர்களுக்கும் இல்லை. பாத்திரக்கடையில் பேர் வெட்டித் தருவார்கள் இல்லையா, அங்கேயே திரும்பக் கொண்டுபோய் என் பேருக்குக் கீழே பாத்திரத்தின் எடையையும் வெட்டச் சொன்னேன். மூடியோடு 430 கிராம். இப்போது கறிக்கடைக்காரர் மூடியைத் திருப்பிப் பார்ப்பதுகூட இல்லை. என் தலையைக் கண்டதும் "நானூத்தி முப்பது" என்று சொல்லிவிட்டு வாங்கி வைக்கிறார்.