கீசர் சத்தம் பிடிக்கிற பிளம்பர் – நங்கநல்லூர், மடிப்பாக்கம் பக்கம் இருப்பவர்களுக்கு

எங்கள் தெருமுனை ஹார்ட்வேர் கடையில் சொன்னால் ஒரு பிளம்பர் தம்பியை அனுப்புவார்கள். அவருக்கு நாலரை நட்சத்திரம். அரை எங்கே போனது என்பது பின்னால்.

எங்கள் வீட்டில் மூன்று விதமான சத்தம். 15 லிட்டர் கீசரைப் போட்ட கொஞ்ச நேரத்தில் உள்ளே வேர்க்கடலை வறுக்கிற மாதிரி படபடப்பு. வாஷிங் மெஷின் தண்ணீர் பிடித்து நிறுத்தும்போது சுவருக்குள் ‘டம்’. ராத்திரி எல்லாவற்றையும் அணைத்த பிறகு ‘டிக், டிக்’. மூன்றையும் சேர்த்து, கீசர் வெடிக்கப் போகிறது என்று மாமியார் முடிவுகட்டிவிட்டார். மார்கழிக் குளிரில் பச்சைத் தண்ணீர்க் குளியல், அதுவும் எழுபதைத் தாண்டிய வயதில்.

முதலில் வந்த கம்பெனி சர்வீஸ் ஆள் சுவிட்சைக்கூடப் போட்டுப் பார்க்கவில்லை. “டேங்க் போச்சு மேடம், எக்ஸ்சேஞ்ச்ல புதுசு எடுத்துடுங்க” என்று சொல்லிவிட்டு, விசிட்டிங் சார்ஜ் வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

இந்தத் தம்பி வந்ததும் ஸ்பேனரைத் தொடவே இல்லை. “அக்கா, எல்லாக் குழாயையும் மூடுங்க. ஃபேனையும் நிறுத்துங்க. ஒவ்வொண்ணா கேப்போம்.” முதலில் கீசர் மட்டும். அரை இஞ்ச் பைப் துண்டு ஒன்றைக் காதில் வைத்து, மறுமுனையை டேங்கின் அடியில் ஒட்டிக் கேட்டார். “உப்புதான்” என்றார்.

எங்களுக்குப் போர் தண்ணீர். கோடையில் லாரித் தண்ணீரும் சேரும். கடினத் தண்ணீர் சூடாகும்போது அதிலுள்ள கால்சியம் சுண்ணாம்பாகப் பிரிந்து, தண்ணீரைச் சூடாக்கும் காயிலின் மேல் படிகிறது. அந்தப் படிவுக்கு அடியில் மாட்டிக்கொள்கிற தண்ணீர் ஆவியாகி உடைகிறதாம், படபடப்பு அதுதான். மெயின் சுவிட்சை அணைத்து, தண்ணீரை வடித்து, அடித்தட்டைக் கழற்றினார். ஒரு சொம்பு நிறைய வெள்ளைச் சில்லு கொட்டியது. மாமியார் அதைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. உள்ளே இருந்த மக்னீசியம் கம்பி கரைந்து நூலாகியிருந்தது. டேங்குக்குப் பதிலாக அரிபட்டுப் போவதுதான் அதன் வேலை, அது தீர்ந்தால் அடுத்து டேங்க்தான் ஓட்டையாகும். கம்பியும் கேஸ்கெட்டும் புதிது. காயில் நன்றாகவே இருந்ததால் அதையே கழுவி மாட்டினார். மாற்றியாக வேண்டும் என்று சொல்லியிருந்தால் நான் பேசாமல் காசு கொடுத்திருப்பேன். எவ்வளவு சூடு என்று வைக்கிற தெர்மோஸ்டாட் 75 டிகிரியில் இருந்தது, அதை 60-க்கு இறக்கினார்.

‘டம்’முக்குக் காரணம் மொட்டைமாடி பிரஷர் பம்ப். வேகமாக வரும் தண்ணீரை மெஷினின் வால்வு சட்டென்று அடைத்தால் அந்த வேகம் பைப்பை உதைக்கிறது. பைப்புகள் இறங்கும் சந்தில் (டக்ட்) பைப்பைப் பிடிக்கும் கிளாம்ப் ஒன்று கழன்றிருந்தது. அதை முடுக்கி, மெஷினுக்குத் தண்ணீர் விடும் ஆங்கிள் காக் குழாயைப் பாதி மூடினார். மெஷினில் தண்ணீர் நிரம்ப முன்பைவிட நேரமாகிறது, பரவாயில்லை.

டிக் டிக்குக்கு ஒன்றும் செய்யவில்லை; காசும் கேட்கவில்லை. வெந்நீர் போகிற சிபிவிசி பிளாஸ்டிக் பைப் சூட்டில் நீண்டு, ஆறும்போது சுருங்குகிற சத்தமாம். மூன்று மீட்டர் பைப் 30 டிகிரி சூடேறினால் ஐந்தாறு மில்லிமீட்டர் நீளும். சும்மா விட்டுடுங்க என்றார்.

சேஃப்டி வால்விலிருந்து சொட்டுகிறதே என்றேன். 15 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 65-க்குப் போனால் கால் லிட்டர் போலப் பெருகும். தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் விடுகிற ‘நான்-ரிட்டர்ன்’ வால்வு இருப்பதால் பின்னால் போக வழியில்லை, அதனால் அங்கே சொட்டும். சொட்டுதே என்று யாராவது அதை அடைத்தால்தான் ஆபத்து, கீசர் ஆஃபில் இருக்கும்போதும் ஓயாமல் ஒழுகினால் கூப்பிடுங்கள் என்றார். மாமியார் இப்போது அதன் கீழே ஒரு மக் வைத்திருக்கிறார்.

பொருள், கூலி எல்லாம் சேர்த்து 1,900 ரூபாய். கழற்றிய பழைய கம்பியைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் கணக்குச் சொன்னார்.

இப்போது அந்த அரை நட்சத்திரம். பத்து மணி என்றால் பன்னிரண்டரைக்கு வருவார், போனையும் எடுக்க மாட்டார். பில் கேட்டால் கடைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதித் தருவார். பாத்ரூம் தரையில் கிடந்த சுண்ணாம்புச் சேற்றைக் கழுவியது நான்தான். காஸ் கீசர் வைத்திருப்பவர்கள் வேறு ஆள் பாருங்கள். அதைத் தொட மாட்டேன் என்று போனிலேயே சொல்லிவிடுவார், எடுத்தால்.